மருந்து என்று எழுதிய பாட்டில்

அத்தியாயம் 14

இந்தக் குடும்பத்தில் சண்டை வந்தால் யாரும் பாத்திரத்தை வீசுவதில்லை, கதவை அறைந்து சாத்துவதுமில்லை. பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். போன வாரம் நின்ற பேச்சு ஐந்து நாள் நின்றது.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். மூன்றரை வயதுப் பட்டாணிக்கு ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக மூச்சிரைப்பு வந்தது. டாக்டர், "வீட்டுல என்ன போட்டுக் கழுவுறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பட்டாணியின் அம்மா, அதாவது இந்த வீட்டு மருமகள், விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். ஏழாவது விரலில் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று மாலையே குளியலறை அலமாரி காலி. ஃபினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீர், வாசனை உருண்டை என்று எல்லாம் பெட்டி கட்டி வெளியே போயின. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை, திட்டவுமில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தவர், அதற்கப்புறம் மருமகளிடம் வாயைத் திறக்கவில்லை.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் துப்புரவுப் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தவர். நாலு வார்டு, நாற்பது ஆட்கள். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் துடைப்பம் தானாக எழுந்து நிற்கும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. தரை பளபளவென்று இருந்தால் மட்டும் அவருக்குப் போதாது. வாசல்படி ஏறும்போதே வாசனை ஆளைத் தூக்க வேண்டும், அப்போதுதான் அது சுத்தம்.

எந்தப் பாட்டிலையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஃபினாயிலோ பிளீச்சிங்கோ, அவருக்கு எல்லாமே 'மருந்து'. அது அவர்கள் தொழில் வழக்கம். "மருந்து போட்டாச்சா?" என்றால் தரை துடைத்தாயிற்றா என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலையில் மருமகளைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டார். தனக்கு என்ன வியாதி என்று இவர்கள் பேசிக்கொள்கிறார்களோ என்று அவள் அரை நாள் அழுதாள்.

ஐந்தாம் நாள், காலைக் காபியோடு பேச்சு திரும்பி வந்தது.

"மருந்து இல்லாத வீடு என்ன வீடும்மா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. பாவமாக இருந்தது.

மருமகளுக்கு ஒரு யோசனை தோன்றியது. கெட்டிக்காரத்தனமான யோசனை. இந்தக் குடும்பத்துத் தொல்லைகளில் பாதி அப்படித்தான் ஆரம்பிக்கும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பீய்ச்சுகிற மூடி போட்ட ஒரு பாட்டிலில் வைத்திருந்தாள். அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, 'மருந்து' என்று கொட்டை எழுத்தில் எழுதி, குளியலறை அலமாரியில் நட்டநடுவில் வைத்தாள். பெரியவர் மனசு கொஞ்சம் குளிரட்டுமே என்றுதான்.

மாமனார் பாட்டிலைக் கையில் எடுத்தார். எழுத்தைப் படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. முகம் மட்டும் நன்றாகவே தெளிந்தது. ஒருவழியாக அவர் தன் வழிக்கு வந்துவிட்டார் என்று மருமகள் நினைத்தாள். ஒருவழியாக அவள் தன் வழிக்கு வந்துவிட்டாள் என்று மாமனார் நினைத்தார். இருவரும் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

இனி, செவ்வாய்க்கிழமை.

*

மூன்று மணிக்கு அதிகாரி வருகிறார்.

வீட்டின் முன்னறையில் ஆறு குழந்தைகளைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்ள உரிமம் கேட்டு மருமகள் மனுப் போட்டு நாலு மாதம் ஆகிறது. ஒன்பது வருஷம் வேலை பார்த்த காப்பகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு எங்காவது வேலை தேடலாம்தான். ஆனால் மூச்சிரைக்கிற பிள்ளையை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது? வீட்டிலேயே நடத்தினால் பட்டாணி ஏழாவது ஆளாக ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாள். ஆறு குடும்பங்கள் சரி என்று சொல்லியாயிற்று. அதில் இரண்டு அம்மாக்கள் வருகிற திங்கள்கிழமை வேலைக்குச் சேருகிறார்கள். இவளை நம்பித்தான் சேருகிறார்கள்.

இன்று அதிகாரி சரி என்று எழுதினால் உண்டு. இல்லையென்றால் மறுபடி மனுப் போட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அது விதி.

இன்னொரு விதியும் இருந்தது. பொறுப்பான ஆட்கள் இரண்டு பேர் எந்நேரமும் வீட்டில் இருக்க வேண்டும். ஒருத்தி அவள். இரண்டாவது இடத்தில் மாமனார் பெயரை எழுதியிருந்தாள். கணவன் பெயரை எழுத வழியில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த மாடிக்கு நடுவில் தொங்கப்போகிறான் என்று அவனுக்கே அன்றன்றைக்குக் காலையில்தான் தெரியும்.

போன வாரம் அலமாரி காலியானதும் ஆபீசுக்குப் போய், மனுவின் கடைசிப் பக்கத்தில் அவள் தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தாள். 'எங்கள் வீட்டில் நச்சுத் தன்மையுள்ள துப்புரவுப் பொருள் எதுவும் வைத்துக்கொள்வதில்லை.' கேட்காமலே எழுதியது. அந்த வரிக்காகவே பாதி மதிப்பெண் கிடைக்கும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

காலையில் கணவன் கிளம்பும்போது காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"அப்பாவுக்கு ஏதாவது ஒரு வேலை குடுத்துடு. சும்மா இருந்தார்னா உன் பின்னாலேயே வந்து நொட்டை சொல்லிக்கிட்டு இருப்பார்."

"நீங்க மூணு மணிக்கு வந்துடுவீங்கல்ல?"

"பாக்கறேன்."

அவன் 'பாக்கறேன்' என்றால் வரமாட்டான் என்று அர்த்தம். ஐந்து வருஷக் குடித்தனத்தில் இதெல்லாம் அகராதி பார்க்காமலே புரிந்துவிடும்.

அவள் சமையலறையில் ஆரம்பித்தாள். பாத்திரம் கழுவுகிற தொட்டியில் சமையல் சோடாவைத் தூவி, அரை எலுமிச்சம்பழத்தால் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவிட்டு வெந்நீர் ஊற்றினாள். எண்ணெய்ப் பிசுக்கு நழுவி ஓடியது. அடுப்பைச் சுற்றிக் கருகியிருந்த இடத்தில் முதல் நாளே சோடாவைக் குழைத்துப் பூசிவைத்திருந்தாள். அது சுரண்டாமலே உரிந்து வந்தது. குழாய்க் கறைக்கு உப்பும் எலுமிச்சையும். மேடைக் கல்லுக்கு மட்டும் வெறும் சோப்புத் தண்ணீர். போன வாரம் விவரம் தெரியாமல் அந்தக் கல்லில் வினிகரை ஊற்றி, உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்புப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு ஜாடி நிரந்தரமாகக் குடியிருக்கிறது. யாரும் அதை நகர்த்துவதில்லை.

மாமனார் வாசற்படியில் கைகட்டிக்கொண்டு நின்றார்.

"இது துப்புரவா, சமையலாம்மா?"

"ரெண்டும்தான் மாமா."

"உப்பு சரியா இருக்கான்னு பாத்துக்க."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் லேசாகச் சிரித்தார். ஐந்து நாள் ஊமைப் படத்துக்கு அப்புறம் இதுவே பெரிய விஷயம்.

"சமையக்கட்டுக்கு எலுமிச்சம்பழம் சரிதான். நான் ஒண்ணும் சொல்லலை" என்றார். "ஆனா பாத்ரூம் வேற. அது உனக்கே தெரிஞ்சிருக்கு."

"தெரியும் மாமா. அதான் தனியா பாட்டில் வச்சிருக்கேன்."

"பாத்தேன், பாத்தேன்." அவர் குரலில் ஒரு திருப்தி. "பாத்ரூமை நான் பாத்துக்கறேன். நீ அந்தப் பக்கமே வராதே. வர்ற அம்மா கண்ணாடி போட்டுப் பாத்தாலும் ஒரு பொட்டு அழுக்குத் தெரியாது."

மருமகளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. கண்ணாடிகளைப் பழைய செய்தித்தாளால் துடைத்தாள். பட்டாணியின் மெத்தையில் சோடாவைத் தூவித் தட்டி எடுத்தாள். விளையாட்டுச் சாமான்களை வெந்நீரில் அலசிக் காயவைத்தாள். வீட்டில் எந்த வாசனையும் இல்லை. சுத்தமான வீடு என்றால் ஒன்றுமே மணக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது சரிதான் என்று பட்டது. சாப்பிட்டுவிட்டுப் பட்டாணி உள்ளறையில் தூங்கினாள். மணி இரண்டே கால். மாமனார் வாளியும் பிரஷ்ஷுமாகக் குளியலறைக்குள் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

*

முதலில் இருமல் சத்தம்தான் கேட்டது.

கிழவர் இருமுகிறார், இது என்ன புதிதா என்று அவள் திரைச்சீலையை மாட்டிக்கொண்டிருந்தாள். இருமல் நிற்கவில்லை. அதோடு தேய்க்கிற சத்தமும் நிற்கவில்லை. அப்புறம் அந்த நெடி வந்தது. நீச்சல் குளத்தில் வருமே, அதுதான், ஆனால் பத்து மடங்கு காரம். கண்ணில் குத்தியது, தொண்டையைப் பிடித்தது.

குளியலறை வாசலுக்கு ஓடினாள். கழிப்பறைப் பீங்கானைச் சுற்றியும் தரை ஓரத்திலும் வெள்ளைப் பொடியைக் குழைத்து அப்பியிருந்தது. அதன் மேல் மாமனார் குனிந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் அவளுடைய பாட்டில்.

அந்தப் பொடி என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் மேல் வினிகர் பட்டால் விஷ வாயு கிளம்பும் என்பதுதான், எதைப் போட்டுத் துடைக்கலாம் என்று டாக்டர் அன்றைக்குக் கொடுத்த தாளில் முதல் வரி.

அவள் மாமனாரைக் கூப்பிடவில்லை. நேரே உள்ளறைக்குப் போய்ப் பட்டாணியைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு வாசலுக்கு வெளியே ஓடினாள். மாடிப்படியில் உட்காரவைத்து, "இங்கேயே இரு, எழுந்திருக்கக் கூடாது" என்று சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மாமா, வெளிய வாங்க."

"இன்னும் ரெண்டே நிமிஷம்மா." கண் இரண்டும் சிவந்து, மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "நல்லா வேலை செய்யுது. கண்ணு எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமனாரைத் தொட்டு ஒரு காரியமும் செய்ததில்லை. இப்போது தோளோடு சேர்த்துப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். குளியலறைக் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினாள். போகிற வழியில் இருந்த ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள்.

மாடிப்படியில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பட்டாணிக்கு இன்ஹேலரை வைத்து இரண்டு தடவை இழுக்கச் சொன்னாள். பிள்ளை லேசாகத்தான் இருமியது. தூக்கம் கலைந்த கோபம்தான் அதிகம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அங்கிருந்த நர்ஸ், காற்றாட உட்காரவையுங்கள், நெஞ்சை அடைத்தாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். மாமனார் இருமி இருமி ஓய்ந்து சுவரில் சாய்ந்தார். மூச்சு சீராக வந்தது. பாட்டில் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"பிளீச்சிங் எங்கேர்ந்து வந்துச்சு மாமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். மறைத்துப் பிரயோஜனமில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

"கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருக்குல்ல. அதுல ஒரு பொட்டலம் வச்சிருந்தேன்."

வீடு முழுக்கத் துழாவியவள், மரியாதைக்காக அந்தக் கட்டிலுக்கு அடியில் மட்டும் கை வைக்காமல் விட்டிருந்தாள். இப்போது அந்த மரியாதையை நினைத்து அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் கீழே இருந்து காலடிச் சத்தம் கேட்டது. தோளில் பை, கையில் அட்டையில் செருகிய காகிதங்கள். சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் வந்து நிற்பது இந்த மாதிரி அதிகாரிகளுக்கு ஒரு பழக்கம். அந்த அம்மாள் இரண்டு படி கீழேயே நின்று, மூன்று பேரையும் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

"இந்த வீடுதானா?"

*

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சாக்கடை அடைப்பு மேடம், கீழ் வீட்டிலிருந்து வருகிற நெடி மேடம், எத்தனையோ இருக்கின்றன. மருமகளின் நாக்கு நுனி வரை ஒன்று வந்தது. மடியில் பட்டாணி இன்ஹேலரைப் பொம்மை மாதிரிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஆறு பேர் பிள்ளைகளை இதே வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக இருந்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"பிளீச்சிங் பவுடர் மேல வினிகர் பட்டுடுச்சு மேடம்" என்றாள். "வீட்டுக்குள்ள இப்போ போக முடியாது. ஜன்னலெல்லாம் திறந்து வச்சிருக்கேன்."

"பிளீச்சிங்கா? உங்க மனுவுல அதெல்லாம் வீட்டுலயே இல்லைன்னு எழுதியிருந்தீங்களே."

"இல்லைன்னுதான் நினைச்சேன்."

அதிகாரி உட்காரவில்லை. முதலில் பட்டாணியின் முதுகில் கை வைத்து மூச்சைப் பார்த்தார். மாமனாரை நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டார். சாயங்காலம் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். அப்புறம்தான் பேனாவைத் திறந்தார்.

"ரெண்டையும் யார் கலந்தது?"

"நான்தான் போட்டேன்" என்றார் மாமனார். "ஆனா நான் எதையும் கலக்கலை. பவுடரைப் போட்டுட்டு, மேல மருந்து அடிச்சேன். முப்பத்தோரு வருஷமா அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

"அந்த பாட்டிலைக் குடுங்க."

அதிகாரி எழுத்தைப் படித்தார். மருமகளைப் பார்த்தார்.

"இது என்ன மருந்து?"

"வினிகர், மேடம்."

மாமனார் தலையைத் தூக்கினார். "வினிகரா?" என்றார். மருமகள் பக்கம் திரும்பி மறுபடியும், "வினிகராம்மா?" என்றார்.

"நான்தான் மருந்துன்னு எழுதி ஒட்டினேன் மேடம். இவருக்கு அந்த வார்த்தை பிடிக்கும். பிளீச்சிங்தான் வச்சிருக்கேன்னு இவர் நினைச்சுக்குவார்னு எனக்குத் தோணவே இல்லை. தப்பு என்னோடது."

மாமனார் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னார். "பிளீச்சிங்கும் புளிப்பும் ஒரே அலமாரியிலகூட இருக்கக் கூடாது. புதுசா வர்ற ஒவ்வொரு ஆளுக்கும் முதல் நாள் முதல் வேலையா இதைத்தான் சொல்லுவேன். நாற்பது பேருக்குச் சொல்லியிருக்கேன்."

அதிகாரி பாட்டில் மூடியைத் திருகித் திறந்தார். சட்டென்று முகத்தை விலக்கிக்கொண்டார்.

"ஐயா, இது திறந்ததுமே மூக்கைத் துளைக்குதே. வினிகர்னு உங்களுக்குத் தெரியலையா?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

மருமகள் அவரையே பார்த்தாள். போன மாதம் திரிந்த பாலைக் காபியில் ஊற்றிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றவர் இவர். அடுப்பில் துணி தீய்ந்து வீடே நாறியபோது, பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரும் இவர்தான். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. ஐந்து வருஷமாகத் தினமும் சாப்பிட உட்கார்ந்ததும், "வாசனை தெருமுனை வரைக்கும் வந்துச்சும்மா" என்பார். அவள் ஒவ்வொரு தடவையும் அதை நம்பியிருந்தாள். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. உடனே அந்தக் கோபம் போய்த் துக்கமாகிவிட்டது.

"மாமா. எத்தனை வருஷமா?"

"எட்டு, ஒன்பது இருக்கும்." அவர் படியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கொஞ்சம் கொஞ்சமா போச்சு. வேலையில இருக்கறப்பவே போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா என்னை வேலையிலேர்ந்து எடுத்துடுவாங்க. அப்புறம் அப்படியே சொல்லாமலே பழகிடுச்சு."

"அப்ப வீடு மணக்கணும், மணக்கணும்னு..."

"மணக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. அதான் நிறையப் போட்டேன்."

மடியில் இருந்த பட்டாணி ஒரு தடவை இருமினாள். மாமனார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மூன்று தடவை மூச்சிரைத்தது எதனால் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க மருமகளால் முடியவில்லை. கோபப்பட வேண்டிய இடம்தான், ஆனால் கோபம் வரவில்லை.

அதிகாரி வீட்டுக்குள் போகவில்லை. நின்றபடியே இரண்டு பக்கம் எழுதினார். பிறகு மனுவைப் புரட்டி, ஒரு பெயரின் மேல் நேர்கோடு போட்டு அடித்தார்.

"நடந்ததை மறைக்காம சொன்னீங்க. அதையும் எழுதியிருக்கேன்" என்றார். "ஆனா பாட்டிலுக்குள்ள ஒண்ணு, மேல ஒண்ணுன்னு எழுதி ஒட்டற வீட்டுல பிள்ளைங்களை விடச் சொல்லி நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? சொல்லுங்க."

அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே தொடர்ந்தார்.

"எல்லா பாட்டிலுக்கும் உள்ள இருக்கறதை அப்படியே எழுதி ஒட்டுங்க. அந்தப் பொட்டலம் இன்னைக்கே போகணும். ரெண்டாவது ஆளா ஐயாவை வச்சுக்க முடியாது. கேஸ் கசிஞ்சா இவருக்குத் தெரியாது. பிள்ளைங்க வேலை பாத்துப் பழக்கப்பட்ட ஒருத்தர் பேரோட வெள்ளிக்கிழமைக்குள்ள ஆபீசுக்கு வாங்க. அதுவரைக்கும் நான் இதை மேல அனுப்ப மாட்டேன். வெள்ளிக்கிழமை தாண்டினா என் கையில ஒண்ணும் இல்லை."

அவர் இறங்கிப் போகிற சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.

*

நெடி போய் வீட்டுக்குள் திரும்ப ஐந்து மணி ஆயிற்று. பொட்டலத்தை மாமனாரே எடுத்துக் கொடுத்தார். கணவனிடமிருந்து போன் வந்தது. ஒன்பதாவது மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறானாம், ஏழு மணிக்கு வந்து அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறானாம். உரிமம் என்ன ஆயிற்று என்று கேட்டான். "வந்து பேசிக்கலாம்" என்று அவள் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வர நடுவில் இரண்டே நாள். பழைய காப்பகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் ஐந்து பேருக்குப் போன் போட்டாள். மூன்று பேர் வேறு இடத்தில் சேர்ந்திருந்தார்கள். ஒருத்தி ஊரிலேயே இல்லை. ஐந்தாவது எண் உபயோகத்தில் இல்லை. இரண்டு அம்மாக்களுக்கு இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று நினைத்தாள். சொல்ல மனசு வரவில்லை.

மாமனார் அவருடைய பழைய டைரியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஒருத்தி இருக்கா" என்றார். "மூணாவது வார்டுல என்கிட்ட வேலை பாத்தவ. அப்புறம் ஆஸ்பத்திரி ஊழியர் பிள்ளைங்களைப் பாத்துக்கற காப்பகத்துல ஆறு வருஷம் இருந்தா. சர்ட்டிஃபிகேட் இருக்கு. பிள்ளைங்க அவளை விட்டு நகராதுங்க."

"இதை ஏன் மாமா முன்னாடியே சொல்லலை?"

அவர் டைரியைப் பிரிப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"அவ அங்க போனதே என்னாலதான். மூச்சு முட்டுது சார், கொஞ்சம் குறைச்சுப் போடலாம் சார்னு வந்து வந்து நிப்பா. சோம்பேறி, வேலைக்குச் சாக்குச் சொல்றான்னு நான் எழுதிக் குடுத்தேன். வார்டுலேர்ந்து தூக்கிட்டாங்க. போறப்ப என் மூஞ்சியைக்கூடப் பாக்கலை." கொஞ்சம் நிறுத்தினார். "நான்தான் கேக்கணும். நீ கேட்டா சரியா இருக்காது."

அவர் எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். அவருடைய போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். அதை மாற்ற அவருக்குத் தெரியாது. ஆறாவது தடவை மணி அடித்தபோது எடுத்தார்கள்.

"யாரு?"

"நான்தாம்மா. ஆஸ்பத்திரியில சூப்பர்வைசரா இருந்தேனே."

வைத்துவிட்டாள் என்றே மருமகள் நினைத்தாள். பிறகு, "சொல்லுங்க சார்" என்று வந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிற குரல்.

நாற்பது பேரை நிற்கவைத்துக் காகிதம் பார்க்காமல் பேசிய மனுஷர் திக்கித் திணறினார். வீட்டில் காப்பகம் வைப்பது, ஆறு பிள்ளைகள், வெள்ளிக்கிழமை என்று முன்னுக்குப் பின்னாகச் சொன்னார். "அன்னைக்கு நான் எழுதிக் குடுத்தேன் பாரு..." என்று ஆரம்பித்தார்.

"அது கிடக்கட்டும் சார்" என்றாள் அவள். நிறுத்தி மூச்சு இழுத்துக்கொண்டாள். "அந்த வீட்டை எதைப் போட்டுத் துடைக்கிறீங்க?"

மாமனார் மருமகளைப் பார்த்தார்.

"சோடா" என்றார். "எலுமிச்சம்பழம். வினிகர். இன்னையிலேர்ந்து வேற எதுவும் கிடையாது."

"நீங்களா சார் துடைக்கிறீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

"இல்லம்மா. எம் மருமக."

"அப்ப போனை அவங்ககிட்ட குடுங்க சார். உங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்லை."

மாமனார் போனை மருமகளிடம் நீட்டினார்.